ஆவாரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாராபுரம் பக்கம் எங்கள் மேட்டாங்காட்டில் நாட்டுச் செடிகளுக்கு விதை எடுத்து, நாற்று வளர்த்துக் கேட்பவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். மார்கழி பிறந்துவிட்டால் ஆவாரையைப் பற்றி விசாரிப்பவர்கள் அதிகமாகிவிடுவார்கள். பொங்கலுக்குப் பூ எங்கே கிடைக்கும் என்று ஆரம்பித்து, சர்க்கரைக்குக் குடிக்கலாமா என்பதில் வந்து நிற்கும் பேச்சு. ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேர் கேட்டுவிட்டார்கள் என்பதால், அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன்.

ஆவாரை செடியா, புதரா, மரமா?

பல ஆண்டுகள் வாழும் புதர்ச்செடி. அடியிலிருந்தே பல கிளைகளாகப் பிரிந்து இடுப்பளவு, மார்பளவு நிற்கும். வெட்டாமல் விட்டால் ஆள் உயரத்தைத் தாண்டும். அடித்தண்டு கட்டையாகிவிடும், பட்டை பழுப்பு நிறம். மூலிகை என்று சொல்வதால் ஒரு பருவத்தில் முளைத்துக் காய்ந்துபோகும் கீரை மாதிரி என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஒருமுறை வேர் பிடித்தால் அது உங்கள் நிலத்தில் நிரந்தரக் குடி.

ஆவாரை, ஆவாரம், ஆவிரை... எது சரியான பெயர்?

மூன்றும் ஒன்றுதான். சங்கப் பாடல்களில் ஆவிரை. குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் 99 பூக்களில் இதுவும் ஒன்று. செடியைச் சொல்லும்போது ஆவாரை, பூவைச் சொல்லும்போது ஆவாரம்பூ என்பது இன்றைய பேச்சு வழக்கு. கோயம்புத்தூரில் ஆவாரம்பாளையம் என்று ஊர்ப்பெயராகவும் நிற்கிறது. தெலுங்கில் தங்கேடு. தெலங்கானாவின் மாநில மலர் அதுதான், பதுகம்மா பண்டிகையில் அடுக்கும் பூக்களில் முக்கியமானதும் அதுதான். சிங்களத்தில் ரணவரா.

தாவரவியல் பெயர் சென்னா ஆரிகுலாட்டா. பழைய புத்தகங்களில் காசியா ஆரிகுலாட்டா என்று இருக்கும். ஆரிகுலாட்டா என்றால் காது உடையது என்று பொருள். அந்தக் காது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் செடியை இனி எங்கும் தவறவிட மாட்டீர்கள். அடுத்த பதிலில் சொல்கிறேன்.

மஞ்சள் பூ பூக்கிற செடி எத்தனையோ இருக்கே, இது ஆவாரைதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பூவை விடுங்கள், முதலில் இலையைப் பாருங்கள். ஒரு காம்பில் 8 முதல் 12 ஜோடி வரை சிற்றிலைகள், நெருக்கமாக, ஒன்றோடொன்று விளிம்பு உரசுகிற மாதிரி இருக்கும். ஒவ்வொன்றும் நுனி மழுங்கி, நடுவில் ஒரு சின்ன முள்போல நீட்டிக்கொண்டிருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் காது மடல் போலப் பச்சையாக, அகலமாக ஒரு உறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே சொன்ன காது இதுதான். எங்கள் பக்கம் காட்டில் இருக்கும் மற்ற மஞ்சள் பூச் செடிகளில் இவ்வளவு பெரிய காதை நான் பார்த்ததில்லை.

சிற்றிலை ஜோடிகளுக்கு நடுவே குண்டூசித் தலை போலச் சிறு சுரப்பி நிமிர்ந்து நிற்கும். கண்ணில் படாவிட்டால் விரலால் தடவிப் பாருங்கள், தட்டுப்படும். காய் தட்டையாக, காகிதம் போல மெல்லிசாக இருக்கும். உள்ளே விதை இருக்கும் இடங்கள் மேடு தட்டி வெளியே தெரியும். காய்ந்த பிறகு காற்றடித்தால் சலசலக்கும்.

பேயாவாரைன்னு ஒண்ணு இருக்காமே, அதுவும் இதுவும் ஒண்ணா?

இல்லை. இதில் கவனம் வேண்டும். பேயாவாரைக்குச் சில ஊர்களில் பொன்னாவாரை என்று பெயர் சொல்வதால்தான் குழப்பமே வருகிறது. அதன் சிற்றிலைகள் 4, 5 ஜோடிதான், பெரிதாக, நுனி கூராக இருக்கும். இலையைக் கசக்கினால் ஒரு கெட்ட வாடை வரும். காய் ஒல்லியாக, நீளமாக, லேசாக வளைந்து மேல் நோக்கி நிற்கும்.

அதன் விதை நஞ்சு. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் சின்னக் குழந்தைகள் திடீரென்று நினைவிழந்து இறந்துகொண்டிருந்தார்கள். முதலில் மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். விளையாட்டாகப் பேயாவாரை விதையைத் தின்றதுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். கல்லீரல், தசை, மூளை மூன்றையும் அது தாக்குகிறது. வீட்டுக்குப் பக்கத்தில் முளைத்திருந்தால், குழந்தைகள் இருக்கும் வீடு என்றால், காய்ப்பதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் நிலாவாரைப் பொடி கொடுத்தார்கள். அது ஆவாரைதானே?

அது வேறு. நிலாவாரை என்பது சென்னா அலெக்ஸாண்ட்ரினா. ஒரே பேரினம்தான், ஆனால் சகோதரி என்பதற்காக வேலையும் ஒன்றாகிவிடாது. நிலாவாரையின் இலை பேதி மருந்து. திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்தில் பயிராகி உலகம் முழுக்க மலச்சிக்கல் மருந்துக்காகப் போகிறது. அந்த ஊர்ப் பெயரிலேயே வெளிநாட்டுச் சந்தையில் அதை அழைக்கிறார்கள்.

ஆவாரம்பூப் பொடி என்று நினைத்து நிலாவாரையைத் தினமும் கலக்கிக் குடித்து வயிற்றுப்போக்கில் அவதிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கடையில் வாங்கும்போது "ஆவாரம்பூ, காய்ந்த பூவாகவே கொடுங்கள்" என்று கேளுங்கள். பூவாக வாங்கினால் கண்ணால் பார்த்துச் சரி பார்க்கலாம். பொடியாக வாங்கினால் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இது எங்கெல்லாம் வளரும்? எங்க ஊர்ல கண்ணுலயே படலையே?

இந்தியா, இலங்கையின் வறண்ட பகுதிகள்தான் இதன் சொந்த இடம். தமிழ்நாட்டில் கரூர், திருப்பூர், திண்டுக்கல், மதுரை, விருதுநகர், புதுக்கோட்டை என்று மழை குறைந்த எல்லாப் பக்கமும் உண்டு. சுக்கான் பூமி, சரளை மண், செம்மண் மேடு, ரயில் பாதை ஓரம், ஏரிக்கரை, கரட்டு அடிவாரம் என்று மற்ற செடிகள் தயங்குகிற இடங்களில் நன்றாக நிற்கும். தண்ணீர் தேங்கும் வயலிலும் அடர்ந்த நிழலிலும் தேடாதீர்கள்.

முன்பு இருந்த இடங்களில் இப்போது இல்லை என்பது உண்மைதான். சாலையை அகலப்படுத்தும்போது ஓரத்துப் புதர்தான் முதலில் போகிறது. புறம்போக்கில் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டால் அதன் நிழலுக்குள் ஆவாரை நிற்காது. எங்கள் ஊருக்குள் நுழையும் வழியில் இரண்டு பக்கமும் மஞ்சள் மஞ்சளாக இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. இப்போது அந்த வழியில் நான்கு செடிகள் இருக்கின்றன.

ஆடு மாடு கடிக்காதா?

எங்கள் காட்டில் வெள்ளாடு எல்லாவற்றையும் மொட்டையடித்துவிட்டுப் போன பிறகும் ஆவாரை மட்டும் தழையோடு நிற்கும். துவர்ப்பு அதிகம் என்பதால் கால்நடைகள் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். மேய்ச்சல் நிலத்தில் இது இத்தனை காலம் தப்பிப் பிழைத்ததற்கு இதுவே காரணம். வேலி இல்லாத நிலத்தில் என்ன வைக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயரும் இதுதான்.

பொங்கலுக்கு ஏன் இந்தப் பூவையே கட்டுகிறோம்?

கொங்கு நாட்டில் போகியன்று காப்புக் கட்டுவது வழக்கம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துச் சிறு கொத்தாக்கி வீட்டு நிலைப்படி, கட்டுத்தரை, கிணறு, வண்டி, வயலின் சனி மூலை என்று எல்லா இடத்திலும் செருகுவோம். பூளைப்பூ என்பது சிறுபீளை, வெள்ளைப் பஞ்சு போல இருக்குமே, அது. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்துக்கும் ஆவாரம்பூ மாலை உண்டு. அதற்கடுத்த நாள் பெண்பிள்ளைகள் கூட்டமாகப் பாடிக்கொண்டே காட்டுக்குப் போய்ப் பூப்பறிக்கும் நோம்பியும் இந்தப் பூவை நம்பித்தான். வடகிழக்குப் பருவமழை முடிந்து தை பிறக்கும்போது ஆவாரை கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும். பண்டிகையும் பூவும் ஒரே பருவத்தில் வருகின்றன.

எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. சங்க காலத்தில் காதலில் தோற்று மடலேறத் துணிந்தவன் பனைமட்டைக் குதிரையில் வரும்போது ஆவிரை, பூளை, எருக்கு கலந்த மாலை கட்டியிருப்பான் என்று பாடல்கள் சொல்கின்றன. அன்றைக்கு ஊரார் முன்னால் மானத்தை விட்டு நின்றவனின் மாலை. அதில் இருந்த அதே ஆவாரையும் பூளையும் இன்று வீட்டைக் காக்கும் காப்பில் இருக்கின்றன. ஒவ்வொரு போகியன்றும் கொத்து கட்டும்போது இது நினைவுக்கு வரும்.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ"ன்னு சொல்றாங்களே, அப்படி என்ன இருக்கு அதில்?

பழமொழி ஒரு செடியின் மேல் மக்களுக்கு இருந்த நம்பிக்கையைச் சொல்கிறது. அந்த நம்பிக்கைக்கு அடிப்படை உண்டு. பூ, இலை, பட்டை, வேர், விதை என்று ஐந்து பாகத்தையும் சித்த மருத்துவம் பயன்படுத்துகிறது. ஆவாரைக் குடிநீர் என்ற கஷாயத்தில் ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை சேரும். வெயிலில் நெடுந்தூரம் நடப்பவர்கள் தழையை ஒடித்துத் தலையில் வைத்துத் துண்டால் கட்டிக்கொள்வார்கள். என் தாத்தா உழும்போது அப்படித்தான் கட்டியிருப்பார். குச்சியில் பல் துலக்குவதும் உண்டு.

ஆனால் பழமொழியை மருந்துச் சீட்டு மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த கேள்வி அதனால்தான் வருகிறது.

சர்க்கரைக்கு ஆவாரம்பூ குடிக்கிறேன், மாத்திரையை நிறுத்திடலாமா?

நிறுத்தவே கூடாது. இந்த ஒரு பதிலை மட்டும் யாராவது படித்தால் கூடப் போதும் எனக்கு.

பூவின் சாற்றைக் கொடுத்து எலிகளில் செய்த ஆய்வுகளில் ரத்தச் சர்க்கரை குறைந்தது உண்மை. ஆனால் எலிக்குக் கொடுத்தது அளந்து எடுத்த செறிவான சாறு. நாம் குடிப்பது ஒரு டம்ளர் பூத்தண்ணீர், அதில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் மாறும். மாத்திரைக்கு மாற்றாக நிற்கும் அளவுக்கு மனிதர்களிடம் நிரூபணம் வரவில்லை. மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பவர்களுக்குச் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கிவிடவும் வாய்ப்புண்டு. படபடப்பு, வேர்வை, கைநடுக்கம் வந்தால் அதுதான் அறிகுறி. ஆகவே குடிக்கிற விஷயத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனையையும் தள்ளிப் போடாதீர்கள்.

என் பெரியப்பா ஆறு மாதம் மாத்திரையை விட்டுவிட்டு ஆவாரம்பூ மட்டும் குடித்தார். உடம்பு லேசாக இருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னார். காலில் வந்த ஒரு சின்னக் கொப்புளம் ஆறாமல் போய், கடைசியில் இரண்டு விரலை எடுக்க வேண்டி வந்தது. அவருக்குப் பூவைப் பறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது நான்தான்.

அப்போ சும்மா தேநீர் மாதிரி குடிக்கலாமா?

ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர்கள் எப்போதாவது குடிப்பதில் தவறில்லை. இலங்கையில் ரணவரா தேநீர் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பானம். பூவின் பச்சைக் காம்பையும் நடுவில் இருக்கும் கேசரங்களையும் கிள்ளிவிட்டு, ஏழெட்டுப் பூவின் இதழ்களை ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். நிறம் வெளிர் மஞ்சளாக இறங்கும், வாய் லேசாகத் துவர்க்கும். பாசிப்பருப்போடு கூட்டு வைத்தாலும் நன்றாக இருக்கும். எங்கள் வீட்டில் தேங்காய் கொஞ்சம் தூக்கலாகப் போடுவோம், துவர்ப்பு அடங்கிவிடும்.

தினமும் வருடக்கணக்கில் குடித்தால்?

அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இலங்கையில் மூலிகைகளைப் பரிசோதித்து 1981இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பைரோலிசிடின் ஆல்கலாய்டு எனப்படும், கல்லீரலைக் கெடுக்கக்கூடிய வேதிப்பொருள் இருந்த செடிகளில் ஆவாரையும் ஒன்று. ஒரு டம்ளரில் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் தினமும், ஆண்டுக்கணக்கில் என்பது வேறு கணக்கு. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், குழந்தைகளுக்கு வேண்டாம்.

வலிப்புக்குக் கார்பமசபைன் மாத்திரை எடுப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். எலிகளில் செய்த ஆய்வில், ஆவாரைத் தேநீரோடு கொடுத்தபோது ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடியது. கூடினால் மருந்தே நஞ்சாகும்.

முகத்துக்குப் போடலாமா?

குளியல் பொடியில் ஆவாரம்பூ சேர்ப்பது நெடுங்காலப் பழக்கம். பயத்தம்பருப்பு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சளோடு அரைப்பார்கள். முதலில் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள், அரிப்பு இல்லை என்றால் பயன்படுத்துங்கள். கறுப்பானவரைச் சிவப்பாக்கும் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். எந்தப் பூவும் அதைச் செய்யாது, செய்யவும் வேண்டியதில்லை.

பூவை எப்படிக் காய வைப்பது? என்னுடையது கறுத்துப் போகிறதே.

வெயிலில் போட்டிருப்பீர்கள், அல்லது குவித்து வைத்திருப்பீர்கள். காலையில் பனி உலர்ந்த பிறகு பறித்து, நிழலில் வெள்ளைத் துணி விரித்து, ஒன்றன் மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். காற்று ஓட வேண்டும். கையில் எடுத்தால் நொறுங்கும் பதம் வந்ததும் கண்ணாடிப் புட்டியில் மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூசணம் பிடிக்கும், அதைக் குடிக்கக் கூடாது. வண்டிகள் ஓடும் தார்ச்சாலை ஓரத்துப் பூவைக் குடிப்பதற்குப் பறிக்காதீர்கள். காப்புக் கட்ட வேண்டுமானால் பறிக்கலாம்.

விதை போட்டேன், ஒண்ணுகூட முளைக்கலை. ஏன்?

விதைத்தோல் கெட்டி. தண்ணீர் உள்ளே போகாது. காட்டில் வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டுத் தோல் தளர்ந்து மெதுவாக முளைக்கும். நாம் அதைக் கொஞ்சம் வேகப்படுத்த வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, சூடு சற்றே ஆறியதும் விதையைப் போட்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் உப்பியிருப்பவற்றை மட்டும் எடுத்து விதையுங்கள். உப்பாதவற்றைச் சொரசொரப்பான கல்லில் லேசாக உரசி மறுபடி ஊற வையுங்கள்.

மணல் கலந்த செம்மண்ணில், ஆழமான பையில் போடுங்கள். ஆணிவேர் நேராக இறங்கும் செடி இது. சின்னப் பையில் வேர் சுருண்டுவிட்டால் பிறகு நட்டாலும் தேறாது. அதனால் முழம் உயரம் வருவதற்கு முன்பே, மழை தொடங்கும் சமயம் நிலத்தில் வைத்துவிடுங்கள். பெரிய செடியைத் தோண்டி இடம் மாற்றும் வேலை வேண்டாம், வேர் அறுந்து காய்ந்துவிடும்.

மொட்டை மாடித் தொட்டியில் வைக்கலாமா?

வைக்கலாம். பெரிய தொட்டி, முழு வெயில், குறைந்த தண்ணீர். தினமும் ஊற்றிக் கொன்றவர்களே அதிகம். உயரம் போனால் பூத்து முடிந்ததும் கத்தரித்துவிடுங்கள், பக்கக் கிளை வெடித்து நன்றாகப் பூக்கும்.

செடியில் பச்சைப் புழு இருக்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

எதுவும் அடிக்காதீர்கள். அந்தப் புழு பெரும்பாலும் வெளிர்பச்சையும் வெள்ளையுமாகக் கூட்டமாகப் பறக்கும் வண்ணத்துப்பூச்சியின் குட்டி. இந்தச் செடியிலும் இதன் உறவுச் செடிகளிலும்தான் அது முட்டையிடும். சில வாரம் இலை ஓட்டையாகத் தெரியும், பிறகு தானாகத் துளிர்க்கும். ஆவாரை வைத்த பிறகு வண்ணத்துப்பூச்சி வருகிறது என்று மகிழ்ச்சியோடு சொல்பவர்களும், புழு வருகிறது என்று வருத்தத்தோடு சொல்பவர்களும் ஒரே உயிரைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

ஆவாரந்தேன்னு விற்கிறாங்களே, வாங்கலாமா?

ஆவாரம்பூவில் தேன் சுரப்பதில்லை. இந்தப் பேரினத்துப் பூக்கள் வண்டுக்குக் கொடுப்பது மகரந்தம் மட்டும். அதனால் ஆவாரம்பூவிலிருந்து மட்டும் எடுத்த தேன் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள்.

அந்த மகரந்தத்தையும் பூ எளிதில் விட்டுவிடாது. ஒரு நாள் காலை ஏழு, எட்டு மணிக்கு ஒரு புதர் அருகே அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். கருவண்டு வந்து பூவைக் கால்களால் கட்டிப்பிடிக்கும். பறக்கும்போது ஒரு ரீங்காரம் கேட்டதல்லவா, பூவில் அமர்ந்ததும் அது மாறி இன்னும் உயர்ந்த சுருதியில் கேட்கும். இறக்கையை விரிக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கிறது. மகரந்தப்பையின் நுனியில் இருக்கும் சிறு துளை வழியாகப் பொடி புகைபோலச் சிதறி அதன் வயிற்றில் படியும். இரண்டு விநாடி, அவ்வளவுதான், அடுத்த பூவுக்குப் போய்விடும். முகர்ந்து பார்க்கிற தூரத்தில் இருந்தால் பூ நடுங்குவதே தெரியும்.

அவரைக் குடும்பம்தானே, மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்குமா?

குடும்பம் அதுதான். ஆனால் சென்னா பேரினச் செடிகள் பெரும்பாலும் வேரில் முடிச்சுப் போடுவதில்லை. காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்துத் தரும் என்று எதிர்பார்த்து நட வேண்டாம். தழையை வெட்டி வயலில் மிதித்தால் நல்ல தழையுரம். நெல் வயலுக்கு வண்டி வண்டியாக அடித்த காலம் உண்டு. வெட்டினாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும்.

தோல் பதனிட இதைத்தான் பயன்படுத்தினார்களாமே, இப்போது ஏன் இல்லை?

ஆமாம். பட்டையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு டானின் என்ற துவர்ப்புப் பொருள். மேலே ஆடு கடிக்காததற்குச் சொன்ன அதே துவர்ப்புதான், பச்சைத் தோலை அழுகாமல் காத்து, செருப்பாகவும் பையாகவும் ஆக்கியது. சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய பதனிட்ட தோலுக்கு வெளிநாட்டில் பெயர் வாங்கிக் கொடுத்ததில் ஆவாரம்பட்டைக்குப் பெரிய பங்கு உண்டு. கிளைகளை வெட்டி, பட்டையைத் தட்டி உரித்து, காய வைத்துக் கட்டுக் கட்டாக அனுப்பினார்கள். மழை பொய்த்த காலத்தில் மேட்டாங்காட்டுக்காரர்களுக்கு அது கைச்செலவுக்குக் காசு.

20ஆம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்து இறங்கியது. அதில் டானின் அதிகம், வேலையும் சீக்கிரம் முடியும். நீலகிரியிலும் அந்த மரத்தை நட்டார்கள். அப்புறம் குரோமிய உப்பில் பதனிடுவது பரவியது. ஆவாரம்பட்டைக்குக் கேட்பாரில்லாமல் போனது.

பண்டிகைக்குக் கிளையோடு ஒடிக்கிறார்கள். செடிக்கு ஒன்றும் ஆகாதா?

இளங்கிளையை ஒடித்தால் துளிர்க்கும், தழையுரத்துக்கு வெட்டுவது பற்றிச் சொன்ன மாதிரி. வேரோடு பிடுங்கினால்தான் போயே போய்விடும். சந்தையில் கட்டு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று அப்படிப் பிடுங்கி வருவதையும் பார்த்தேன். வாங்கும்போது கட்டைத் திருப்பி அடியைப் பாருங்கள். வேர் தொங்கினால் அதை வாங்காமல் அடுத்தவரிடம் போங்கள்.

நீங்களே பறிப்பதாக இருந்தால் ஒரு புதரில் பாதிப் பூவையாவது விட்டு வாருங்கள். அந்தப் பூதான் காயாகி, மாசி, பங்குனி வெயிலில் காய்ந்து சலசலக்கும். அந்தச் சமயம் வந்தால் ஒரு கைப்பிடி விதை உங்களுக்கும் எடுத்து வைத்திருப்பேன்.